டிலேயா, ரிவெர்பா? மிதக்கும் கிட்டார் ஒலிக்கு முதலில் எதை வாங்கலாம்

கையில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரும் சின்ன ஆம்பும் இருக்கின்றன. போஸ்ட்-ராக், ட்ரீம் பாப், ஆம்பியன்ட் என்று கேட்டுக் கேட்டு, அந்த மிதக்கும் ஒலி நம் கையிலும் வர வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஆனால் இப்போதைக்குக் காசு ஒரு பெடலுக்குத்தான், அதாவது காலால் மிதித்துக் கிட்டார் ஒலியை மாற்றும் ஒரு சின்னப் பெட்டிக்குத்தான். எதிரொலி தரும் டிலே வாங்குவதா, பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோன்ற முழக்கம் தரும் ரிவெர்ப் வாங்குவதா, இரண்டும் சேர்ந்த பெட்டியா, இல்லை ஏகப்பட்ட எஃபெக்ட் அடைத்த மல்டி-எஃபெக்ட்டா?

"அவரவர் ரசனையைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு நழுவிவிடலாம். கேட்பவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. என் பதில் டிலே. அதிலும் பளிச்சென்று ஒலிக்கும் டிலே அல்ல. ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட மங்கலாக வரும் டிலே. இந்த வகை ஒலியில், வால் (அடித்த பிறகு தேய்ந்துகொண்டே போகும் மிச்ச ஒலி) எத்தனை வினாடி நீள்கிறது என்பதைவிட எவ்வளவு இருட்டாகத் தேய்கிறது என்பதுதான் காரியத்துக்கு ஆகும். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது என்னவோ வினாடிக் கணக்குதான். இந்தப் பதில் பொருந்தாத ஆட்களும் உண்டு. அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

இரண்டும் ஒரே குடும்பம்

காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 17 மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால், நீங்கள் தட்டிய கை ஒலி போய்த் திரும்ப ஏறக்குறைய 100 மில்லிசெகண்ட் ஆகும். அது தனி எதிரொலியாகவே காதில் விழும். டிலே பெடலில் 375 மில்லிசெகண்ட் வைக்கிறீர்கள் என்றால், 64 மீட்டர் தள்ளி ஒரு சுவரை எழுப்பிவிட்டீர்கள் என்று கணக்கு. ஓர் அறைக்குள் நிலைமை வேறு. சுவர், கூரை, தரை எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால், எக்கச்சக்கமான எதிரொலிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடியாத ஒரே வாலாகிவிடுகின்றன. அந்த வால்தான் ரிவெர்ப்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மான்ஃப்ரெட் ஷ்ரோடர், கம்ப்யூட்டர் கணக்கால் ரிவெர்பை உண்டாக்க ஒரு வழி சொன்னார். வெவ்வேறு நேரம் வைத்த சில டிலேக்களைப் பக்கம் பக்கமாக ஓடவிட்டு, ஒவ்வொன்றின் வெளியீட்டையும் அதற்குள்ளேயே திருப்பி ஊட்டி, வருவதை இன்னும் இரண்டு ஃபில்டர்கள் வழியாக அனுப்புவது. இன்றைக்கு வரும் ரிவெர்ப் பெடல்களின் கணக்கு அதைவிட எவ்வளவோ சிக்கலானது. ஆனாலும் உள்ளே இருப்பது டிலேக்களின் கூட்டம்தான்.

இதிலிருந்து வாங்குபவருக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. டிலேயை வைத்துக்கொண்டு ரிவெர்ப் பக்கம் பாதித் தூரமாவது போய்விடலாம். சாதாரண ரிவெர்பை வைத்துக்கொண்டு டிலே பக்கம் வரவே முடியாது.

செய்து பார்க்க விரும்பினால்: டிலேயின் டைமை 450 மில்லிசெகண்ட் பக்கம் வையுங்கள். ரிபீட்டை (எதிரொலி எத்தனை முறை வரும் என்பதை) முக்கால்வாசி திருப்புங்கள். தானாக ஊளையிடத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். மிக்ஸ் (எதிரொலி எவ்வளவு கலக்கும் என்பது) பாதிக்குக் கொஞ்சம் மேலே. டோன் நாப் (திருகு) இருந்தால் முழுக்க இருட்டுப் பக்கம். இப்போது கிட்டாரின் வால்யூம் நாபைச் சுழியில் வைத்து ஒரு டி மேஜர் கார்டை அடித்துவிட்டு, சுண்டுவிரலால் வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள். பிக் கம்பியில் படும் அந்த 'டக்' காணாமல் போய்விடும். தொடக்கமே இல்லாத ஓர் ஒலி எழும். முதல் எதிரொலி வருவதற்குள் மூல ஒலி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், இரண்டாவது அதன்மேல் படியும், மூன்றாவதில் எது எதிரொலி எது மூலம் என்றே தெரியாது. அதே இடத்திலிருந்து பி மைனருக்குப் போனால், பழைய கார்ட் மறைவதற்கு முன்பே புதியது உள்ளே வந்துவிடும். ரிவெர்ப் என்ற ஒன்று இல்லாமலேயே இது நடக்கிறது.

இருட்டு எங்கிருந்து வருகிறது

கடையில் டிலே பெடல் என்று கேட்டால் மூன்று சாதி கிடைக்கும்: அனலாக், டேப் மாதிரி, சுத்த டிஜிட்டல்.

அனலாக்கின் மூலம் 1969-இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான பக்கெட் பிரிகேட் சிப். உள்ளே ஆயிரக்கணக்கான கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். தீப்பிடித்த வீட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கொடுப்பதுபோல, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கெபாசிட்டரில் இருக்கும் மின்னூட்டம் அடுத்ததற்குப் போகும். கடைசி ஆளிடம் போய்ச் சேரும் நேரம்தான் டிலே. எம்என்3005 என்ற புகழ்பெற்ற சிப்பில் 4096 படிகள். துடிப்பு வினாடிக்குப் பத்தாயிரம் என்றால் சுமார் 205 மில்லிசெகண்ட் கிடைக்கும். இன்னும் நீளம் வேண்டுமென்றால் ஒன்று சிப்பைக் கூட்ட வேண்டும், இல்லை துடிப்பை மெதுவாக்க வேண்டும். துடிப்பு மெதுவானால் இரைச்சலும் கீச்சும் உள்ளே வரும். அதை மறைக்க வடிவமைப்பாளர் மேல் அலைவரிசைகளை ஃபில்டரால் வெட்டிவிடுவார். ஒவ்வொரு எதிரொலியும் அதே ஃபில்டர் வழியாக மறுபடி மறுபடி போவதால், நான்காவது ஐந்தாவது சுற்றில் ட்ரெபிள் என்று ஒன்றும் மிஞ்சாது.

குறை என்று பொறியாளர்கள் நினைத்த இதுதான் நமக்கு வரம். காற்றும் தூரத்தில் இருந்து வரும் ஒலியின் ட்ரெபிளைத்தான் முதலில் தின்கிறது. அதனால் மங்கிய ஒலியைக் கேட்டால் காது அதைத் தொலைவில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் இப்போது அடிக்கும் நோட் முன்னால் நிற்கும், பழையவை ஒவ்வொன்றாகப் பின்வாங்கும். மிக்ஸை எவ்வளவு ஏற்றினாலும் குழம்பாது. சுத்த டிஜிட்டலில் எட்டாவது எதிரொலியும் முதல் நோட் மாதிரியே பளபளவென்று வந்து முன்னால் நிற்கும். நான்கு கார்டுக்குள் ஒரே சந்தைக்கடைச் சத்தம்.

அனலாக்கில் நல்ல பெயர்கள் சில. பாஸ் டிஎம்-2, 1981-இல் வந்தது, உச்சம் 300 மில்லிசெகண்ட். 2014-இல் டிஎம்-2டபிள்யூ என்று திரும்ப வந்தபோது 800 மில்லிசெகண்ட் வரை போகும் இன்னொரு மோடையும் சேர்த்தார்கள். நம் காரியத்துக்கு 300 போதாது என்பதால் பழைய டிஎம்-2-ஐத் தேடி அலைய வேண்டாம். எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி 600 மில்லிசெகண்ட் தரும். மூன்றே நாப், எதிரொலியைக் கொஞ்சம் அலையவிடும் மாடுலேஷன் பொத்தான் ஒன்று. அந்த பொத்தானை அழுத்தியே வைத்திருங்கள். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் டீலக்ஸ் மெமரி மேன், யூ2 ராக் குழுவின் தொடக்க காலத்தில் அதன் கிட்டாரிஸ்ட் தி எட்ஜ் காலடியில் இருந்த பெட்டி. சுருதியை லேசாக ஆடவிடும் கோரஸும் வைப்ராட்டோவும் அதன் எதிரொலிகளிலேயே கலந்திருக்கும்.

மலிவு விலையில் 'அனலாக் டிலே' என்று எழுதி விற்கும் பலவற்றின் உள்ளே இருப்பது தைவான் கம்பெனி ஒன்றின் பிடி2399 என்ற சிப். அது டிஜிட்டல். கரோக்கி எக்கோவுக்குப் பிரபலமானது. அதற்காக மட்டம் என்று ஒதுக்க வேண்டாம், அதுவும் இருட்டாகத்தான் ஒலிக்கும். 350 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் இரைச்சல் ஏறிவிடும் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். கொடுக்கிற காசுக்கு மோசமில்லை.

டேப் வகைக்கு, அதாவது ஒலியைக் காந்த நாடாவில் பதிந்து திருப்பி ஒலிக்கும் வகைக்கு, மூதாதைகள் எக்கோப்ளெக்ஸ், ரோலண்டின் ஸ்பேஸ் எக்கோ. ஸ்பேஸ் எக்கோவின் ஆர்ஈ-201 மாடல் 1974-இல் வந்தது: ஒரு நாடா வளையம், நாடாவில் பதிந்ததைப் படிக்கும் மூன்று பிளேபேக் ஹெட், உள்ளேயே கம்பிச் சுருளால் உண்டாகும் ஒரு ஸ்பிரிங் ரிவெர்ப். நாடா ஓடும் வேகம் துல்லியமாக இருக்காது என்பதால் எதிரொலியின் சுருதி மிக லேசாக ஆடும். அந்த ஆட்டம்தான் ஒலியை உயிரோடு வைத்திருப்பது. அசல் இயந்திரத்தை வாங்கிப் பராமரிப்பது தனிப் பிழைப்பு. நாடா மாற்ற வேண்டும், ஹெட் துடைக்க வேண்டும். இன்று அதே குணத்தை டிஜிட்டலில் செய்து தருகிறார்கள். ஸ்ட்ரைமன் எல் கபிஸ்டான் 2010-இல் வந்தது, பாஸின் ஆர்ஈ-2 2022-இல். காசு இருந்தால் மிதக்கும் ஒலிக்கு நான் முதலில் கை வைப்பது இந்த வகையில்தான். அனலாக்கின் இருட்டும் இருக்கிறது, நேரமும் தாராளமாகக் கிடைக்கிறது.

சுத்த டிஜிட்டல் எதற்கு? தாளத்துக்கு. 1980களின் முற்பாதியில் பாஸ் டிடி-2 வந்து 800 மில்லிசெகண்டைக் காலடிக்குக் கொண்டுவந்தது. தி எட்ஜ் பாணியில், ஒரே சீராக அடிக்கும் நோட்களின் இடைவெளியில் எதிரொலி வந்து உட்கார வேண்டுமானால் இந்தத் துல்லியம் தேவை. கணக்கு எளிது: 60,000-ஐப் பாட்டின் பிபிஎம்-ஆல் (நிமிஷத்துக்கு எத்தனை தாள அடி என்ற எண்ணால்) வகுத்து 0.75-ஆல் பெருக்குங்கள். 120 பிபிஎம்-க்கு 375 மில்லிசெகண்ட், 90-க்குச் சரியாக 500. டிரம்மரோடு வாசிப்பவருக்கு பாட்டின் வேகத்தைக் காலால் தட்டிக் காட்டும் 'டாப் டெம்போ' வசதி இல்லாத பெடல் தலைவலிதான். வீட்டில் தனியாக வாசிப்பவருக்கு அது தேவையே இல்லை. சொல்லப்போனால் தாளத்தோடு ஒட்டாத ஒரு நேரத்தை வைத்தால்தான் எதிரொலிகள் நன்றாகக் கரையும்.

இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் வேண்டும் என்பவர்களுக்குப் பாஸ் டிடி-8. 2019-இல் வந்தது, 11 மோட், உச்சம் 10 வினாடி. அனலாக், டேப், வார்ம் என்று இருட்டு மோட்கள் இருக்கின்றன, டோனைக் குறைக்க வழி இருக்கிறது, எதிரொலியோடு கொஞ்சம் ரிவெர்பும் கலக்கும் மோடும் இருக்கிறது. பெடலை அணைத்த பிறகும் வால் வெட்டுப்படாமல் தேயும்படி வைத்துக்கொள்ளலாம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ட்ரூ பைபாஸ் (அணைத்தால் ஒலி பெடலின் சர்க்யூட்டைத் தொடாமல் நேரே போகும்) அனலாக் பெடலில் காலை வைத்த அந்த நொடியே எதிரொலி அறுந்துவிடும்; மெதுவாகக் கரைந்துகொண்டிருக்கும் ஒரு முடிவில் அது கேட்கச் சகிக்காது. எனக்குக் கார்பன் காப்பியின் ஒலி டிடி-8-இன் அனலாக் மோடைவிடப் பிடிக்கும். இருந்தாலும் "ஒரே பெடல், இனி இரண்டு வருஷத்துக்கு வேறு வாங்க முடியாது" என்று ஒருவர் சொன்னால் டிடி-8-ஐத்தான் காட்டுவேன்.

ரிவெர்ப் யாருக்கு

ரிவெர்பில் வகைகள் ஏராளம், ஆனால் இந்த வேலைக்கு எல்லாம் தேவைப்படாது. ஸ்பிரிங் என்பது ஃபெண்டர் 1961-இல் தனிப்பெட்டியாகவும் பிறகு ஆம்புக்குள்ளேயும் வைத்துப் பிரபலமாக்கியது. துள்ளலான ஒலி, சர்ஃப் இசைக்கு ஏற்றது. பிளேட் என்பது 1957-இல் ஜெர்மனியின் ஈஎம்டி கம்பெனி செய்த 140 என்ற இயந்திரத்தின் வாரிசு. அதில் இருந்தது ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவில் தொங்கவிட்ட எஃகுத் தகடு. நாலு பேர் சேர்ந்தாலும் தூக்கத் திணறும் எடை. அடர்த்தியாகவும் வழுவழுப்பாகவும் வரும். ஹால் வகை மெதுவாக விரியும், நம் வேலைக்கு நேரே பொருந்துவது.

அப்புறம் ஷிம்மர். ரிவெர்பின் வாலை ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே தூக்கி, அதைத் திரும்ப உள்ளேயே ஊட்டுவது. 1980களில் இசைத் தயாரிப்பாளர்கள் பிரையன் ஈனோவும் டேனியல் லன்வாவும் ஸ்டூடியோவில் ரேக் கருவிகளைக் கோத்துச் செய்ததை இன்று ஒரு நாப் திருப்பலில் தருகிறார்கள். முதல் வாரம் மயங்கிப்போவீர்கள். பிறகு எதை வாசித்தாலும் ஒரே ஆர்கன் மேகம்தான் வருகிறது என்று தெரியும். ஷிம்மருக்காகவே பெடல் வாங்குகிறேன் என்பவரை நான் கொஞ்சம் தடுத்துப் பார்ப்பேன்.

ரிவெர்பை முதலில் வாங்க வேண்டியவர் யார் என்றால், விரல் அதிகம் ஓடாதவர். நீளமான கார்டுகள், ஈ-போ (கம்பியை விடாமல் அதிரவைக்கும் கைக்கருவி), வில் கொண்டு இழுப்பது, வால்யூம் பெடல் ஸ்வெல் (ஒலியைச் சுழியிலிருந்து மெதுவாக ஏற்றுவது) என்று ஒரு நோட்டையே வெகுநேரம் நிறுத்தி வாசிப்பவர். அவருக்கு எதிரொலியின் தாளம் இடைஞ்சல், வால் மட்டும் போதும். கார்டை ஆர்பெஜியோவாக, ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து வாசிப்பவருக்கு நேர்மாறு: எட்டு வினாடி ஹாலில் ஆர்பெஜியோ வாசித்தால் அத்தனை நோட்டும் கூழாகிவிடும், டிலேயில் வாசித்தால் பின்னலாகிவிடும்.

முன்னவருக்குப் பாஸ் ஆர்வி-6 போதுமான பெட்டி. எட்டு மோட், ஹால், பிளேட், மாடுலேட், ஷிம்மர் எல்லாம் உண்டு, டிலே கலந்த மோடும் உண்டு. டிசி எலெக்ட்ரானிக் ஹால் ஆஃப் ஃபேம் 2-இல் கால்பொத்தானை அழுத்தும் அழுத்தத்துக்கு ஏற்ப எஃபெக்ட் மாறும் வசதி இருக்கிறது. வாலை ஊதிப் பெருக்கிவிட்டுத் திரும்ப இறக்குவதற்கு அருமையானது. வால்ரஸ் ஆடியோவின் ஸ்லோ, பெயருக்கேற்றபடி இந்த ஒலிக்காகவே பிறந்தது. அதன் டார்க் மோட் வாலில் கீழ் ஆக்டேவைச் சேர்க்கும், ரைஸ் மோட் தானே ஸ்வெல் செய்துவிடும். சாதாரண அறை ரிவெர்ப் வேண்டும் என்று அதை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை 2013-இலிருந்து பலருடைய கனவுப் பெடல். கேட்டால் சொக்கிப்போகும்தான். அதன் அமெரிக்க விலையே 450 டாலருக்கு மேல்; வரியும் அனுப்பும் செலவும் சேர்த்தால் அந்தக் காசில் ஒரு நல்ல டிலே, ஒரு நல்ல ரிவெர்ப், ஒரு வால்யூம் பெடல் மூன்றும் வந்துவிடும்.

டிலேயை முன்னால் வைப்பதற்கு நடைமுறைக் காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று, உங்கள் ஆம்பைத் திருப்பிப் பாருங்கள். இப்போது வரும் சின்னப் பிராக்டிஸ் ஆம்புகளிலும் பெரும்பாலும் ஏதோ ஒரு ரிவெர்ப் இருக்கும். ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்கு மறுபடி காசு கொடுப்பானேன்? இருட்டான டிலேயை அந்தச் சாதாரண ரிவெர்புக்குள் விட்டால், எதிரொலிகளின் ஓரம் கரைந்து ஒலி திடீரென்று பெரிதாகிவிடும்.

இன்னொன்று மேடை. படுக்கையறையில் ஹெட்ஃபோனில் சொர்க்கமாகக் கேட்கும் ரிவெர்ப், நம் ஊர்க் கல்லூரி ஆடிட்டோரியத்திலும் கல்யாண மண்டபத்திலும் ஒலிச்சேறாகும். தரையெல்லாம் கிரானைட், சுவரெல்லாம் வெறும் பூச்சு, உயரமான கூரை. அந்த இடமே ஒரு ரிவெர்ப் பெடல். போதாததற்கு மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தன் பங்குக்கு ஒரு எக்கோவைப் பொதுவாக எல்லாவற்றுக்கும் ஏற்றியிருப்பார். அங்கே ரிவெர்பை முழுக்க அணைத்துவிட்டு டிலேயை மட்டும் கொஞ்சமாக வைத்தாலே போதும், மீதியை மண்டபம் பார்த்துக்கொள்ளும்.

இரண்டும் ஒரே பெட்டியில்

ஸ்பேஸ் எக்கோ காலத்திலிருந்தே இருக்கும் யோசனை இது, நல்ல யோசனையும்கூட. எர்த்க்வேக்கர் டிவைசஸின் டிஸ்பேட்ச் மாஸ்டரில் டைம், ரிபீட்ஸ், ரிவெர்ப், மிக்ஸ் என்று நான்கே நாப். ஐந்து நிமிஷத்தில் கைவந்துவிடும், எந்தப் பக்கம் திருப்பினாலும் அழகாகத்தான் ஒலிக்கும். கீலியின் கேவர்ன்ஸ் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு தரும். மேலே சொன்ன ஆர்ஈ-2-ம் இந்த இனம்தான்.

பெட்டியின் எல்லையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஸ்பேட்ச் மாஸ்டரில் மிக்ஸ் நாப் ஒன்றுதான். டிலேயைக் குறைத்து ரிவெர்பை ஏற்ற வேண்டுமென்றால் கொஞ்சம் தள்ளாட வேண்டும். சேர்ந்த பெட்டிகளில் எது முன், எது பின் என்ற வரிசையும் பெரும்பாலும் நம் கையில் இருக்காது. நடுவில் இன்னொரு பெடலைச் செருகவும் முடியாது. பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய் வாசித்துவிட்டு வருபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பரிசோதனைப் பித்து பிடித்தவருக்கு ஆறு மாதத்தில் அலுத்துவிடும். தனித்தனியாக இரண்டு வாங்க எப்படியும் ஒரு நாள் காசு வரும் என்று நம்புகிறவர் முதலில் டிலேயை மட்டும் வாங்கிவிட்டுக் காத்திருக்கலாம். இரண்டாவது பெடலும் டிலேயாகவே இருந்தால்கூடத் தப்பில்லை: ஒன்றில் 370, அடுத்ததில் 510 என்று ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நேரங்கள் வைத்து, இரண்டாவதின் மிக்ஸைத் தாழ்த்தி வையுங்கள். ஷ்ரோடர் சொன்ன வழியின் ஏழை வீட்டு வடிவம் அது.

மல்டி-எஃபெக்ட்டும் லேப்டாப்பும்

சூம் எம்எஸ்-70சிடிஆர் என்ற கைக்கடக்கமான பெட்டியில் கோரஸ், டிலே, ரிவெர்ப் வகைகளில், வந்த புதிதில் 86 எஃபெக்ட்; ஒரே நேரத்தில் ஆறு வரை கோக்கலாம். காசுக்கு இத்தனை தருவது வேறு எதுவும் கிடையாது என்றே சொல்லலாம். கஷ்டம் என்னவென்றால் குட்டித் திரையும் மெனுவும். மிதக்கும் ஒலியின் பாதி சுகமே வாசிக்கும்போது கையை நீட்டி ரிபீட்டை ஏற்றி, அது ஊளையிடப் போகும் நொடியில் இறக்குவதில் இருக்கிறது. மூன்று பக்கம் புரட்டி ரிபீட்டைத் தேடும்போது அந்த நொடி போயிருக்கும். லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்ற பெரிய பெட்டிகளில் வசதி அதிகம், ஆனால் அது பெடல், ஆம்ப் என்று முழு ரிக்கையே மாற்றும் முடிவு. இந்தக் கட்டுரையின் பட்ஜெட்டில் அடங்காது.

லேப்டாப்பும், கிட்டாரை அதோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு என் அறிவுரை வேறு: முதலில் ஒரு பைசா செலவழிக்காதீர்கள். வல்ஹல்லா டிஎஸ்பி 2020-இல் இலவசமாகவே வெளியிட்ட சூப்பர்மாசிவ் என்ற பிளக்-இன்னை (பதிவு மென்பொருளுக்குள் ஓடும் எஃபெக்ட்) இறக்கிக்கொள்ளுங்கள். டிலேக்கும் ரிவெர்புக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும் பிரம்மாண்டமான ஒலி அது. அதில் டிலே பக்கம் உங்கள் கை போகிறதா, ரிவெர்ப் பக்கம் போகிறதா என்று சில நாள் கவனித்தாலே எந்தப் பெடலை வாங்குவது என்று தெரிந்துவிடும். வீட்டில் பதிவு மட்டும்தான் செய்கிறேன் என்பவர் அதோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம். பிளக்-இன் மேடைக்கு வராது என்பதைவிட, காலால் மிதித்து ஒலி மாறும் திருப்தி அதில் இல்லை என்பதுதான் நிஜமான குறை.

வரிசை, மின்சாரம், கடையில் சோதனை

வரிசையில் வழக்கமான முறை: டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்), வால்யூம் பெடல், டிலே, கடைசியில் ரிவெர்ப். வால்யூம் பெடல் டிலேக்கு முன்னால் இருந்தால்தான் அதை மூடிய பிறகும் வால் தொடரும். ரிவெர்புக்குப் பின்னால் டிரைவ் வைத்தால் எல்லாம் நசுங்கி ஒரே சுவராக எழும். ஷூகேஸ் (shoegaze) என்ற ராக் வகையை வாசிப்பவர்கள் வேண்டுமென்றே செய்வது. ஒரு முறை மாற்றிச் செருகிப் பாருங்கள், செலவில்லாத புதுப் பெடல். ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷனைப் பயன்படுத்துகிறவர்கள் டிலே, ரிவெர்பை ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (டிஸ்டார்ஷனுக்குப் பிறகு பெடலைச் செருகும் ஜாக்குகளில்) போட வேண்டும். லூப் இல்லாத சின்ன ஆம்ப் என்றால் அதைக் கிளீன் சேனலிலேயே வைத்துவிட்டு டிரைவுக்குத் தனிப் பெடல் பார்ப்பது உத்தமம். ஸ்டீரியோ வெளியீடு இருக்கிறது என்பதற்காக அதிகம் கொடுக்காதீர்கள். ஆம்ப் ஒன்றுதானே இருக்கிறது.

மின்சாரத்தில் அனலாக்குக்கு ஒரு சலுகை. கார்பன் காப்பி 30 மில்லிஆம்பியருக்குள் அடங்கிவிடும், பிக்ஸ்கைக்கு 300 வேண்டும். டிஜிட்டல் பெடல்களை மற்றவற்றோடு ஒரே அடாப்டரில் டெய்சி செயினாகக் கோத்தால் மெல்லிய கீச்சு ஒன்று கேட்கத் தொடங்கும். டிரைவ் போட்டால் அது காதைக் குடையும். தனித்தனி ஐசொலேட்டட் வெளியீடு உள்ள சப்ளையின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். இந்தப் பெடல்களில் ஏறக்குறைய எல்லாமே 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் கீபோர்டு அடாப்டர்களில் சில 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். பின் பொருந்துகிறதே என்று செருகினால் பெடல் செத்துவிடும்.

கடையில் எடுத்ததும் வேகமாக வாசித்துக் காட்டத் தோன்றும். வேண்டாம். ஒரே ஒரு நோட், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் பிரகாசமாக அடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நான்காவது எதிரொலியைக் கவனியுங்கள். அது முதல் நோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறதா, தள்ளிப் போயிருக்கிறதா? அடுத்து டைமை உச்சத்தில் வைத்து ஒன்றும் வாசிக்காமல் இரைச்சலைக் கேளுங்கள். பிறகு ரிபீட்டை முழுக்கத் திருப்பி ஊளையிடவிடுங்கள். அந்த ஊளை மெதுவாக ஏறுகிறதா, சட்டென்று பாய்கிறதா என்று பாருங்கள். மெதுவாக ஏறும் பெடலைத்தான் வாசிக்கும்போது விளிம்பில் நிறுத்திவைக்க முடியும். பழைய பெடலை யாரிடமாவது வாங்குவதாக இருந்தால், நாபைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, ஜாக்கை ஆட்டினால் ஒலி போய் வருகிறதா என்று பாருங்கள். டைம் நாபைத் திருப்பும்போது எதிரொலியின் சுருதி மேலும் கீழும் சறுக்கினால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அனலாக்கிலும் டேப் வகையிலும் அது பழுது இல்லை, அப்படித்தான் ஒலிக்கும்.